வாசலுக்கு முன் ஒரு முழம்: இரட்சிப்பை இழத்தல் பற்றிய கிறிஸ்தவ விவாதமும் நமது அகீதாவும்

நாஞ்சில் நாட்டில் வாழும் முஸ்லிம் தன் வாழ்நாளில் ஒருமுறையேனும் எதிர்கொள்ளும் கேள்வி ஒன்று உண்டு. "நீங்கள் இரட்சிக்கப்பட்டுவிட்டீர்களா?" என்பதே அது. துண்டுப் பிரசுரத்தின் தலைப்பாகவும், நற்செய்திக் கூட்டத்தின் ஒலிபெருக்கியிலும், இரயில் பயணத்தில் எதிர் இருக்கையில் அமர்ந்திருக்கும் அன்பர் வாயிலாகவும் அது நம்மை வந்தடைகிறது. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி கன்னியாகுமரி மாவட்டத்தில் கிறிஸ்தவர்கள் ஏறத்தாழ 47 விழுக்காட்டினர். முஸ்லிம்கள் 4 விழுக்காட்டுக்குச் சற்று மேல். எனவே இக்கேள்வி இங்கு அரிதானதன்று.

அரபு இலக்கணம் கற்பிப்பவனுக்கு அக்கேள்வியின் பொருளுக்கு முன் அதன் காலமே கண்ணில் படுகிறது. 'இரட்சிக்கப்பட்டுவிட்டீர்களா' என்பது முற்றுப்பெற்ற இறந்தகால வினை. நடந்து முடிந்துவிட்ட ஒன்றைக் குறித்து அது வினவுகிறது. நம்மவரிடம் ஈடேற்றத்தைப் பற்றிக் கேட்டால் வரும் விடையோ 'இன்ஷா அல்லாஹ்' என்பதாகும். அது எதிர்காலமும் நிபந்தனையும் சேர்ந்தது. ஒருவர் கடந்த காலத்தில் கேட்கிறார். மற்றவர் எதிர்காலத்தில் விடையளிக்கிறார். இருவரும் ஒரே பொருளைப் பேசுகின்றனரா என்பதே ஐயத்துக்குரியது.

நமது மேடைகளில் இக்கேள்விக்குத் தரப்படும் மறுப்பு பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தது. "ஏசுவை நம்பிவிட்டால் போதும், பிறகு எந்தப் பாவத்தைச் செய்தாலும் சுவனம் உறுதி என்பதே கிறிஸ்தவக் கொள்கை; அது ஒழுக்கத்துக்குக் கேடு" என்று கூறிக் கைதட்டல் பெற்றுக் கீழிறங்குகிறோம். பிறர் கொள்கையை அவர்களே ஏற்காத வடிவத்தில் எடுத்துரைத்து வெல்வது நேர்மையான விவாதமாகாது. அழகிய முறையில் தர்க்கம் செய்க என்ற குர்ஆனின் கட்டளைக்கும் (16:125) அது ஒவ்வாது. உண்மையில், விசுவாசி ஒருவர் தம் இரட்சிப்பை இழக்கக்கூடுமா என்பதில் கிறிஸ்தவர்களே நூற்றாண்டுகளாகக் கருத்து வேறுபட்டு நிற்கின்றனர். அவ்வேறுபாட்டின் பெரும்பகுதியை நாகர்கோவில் நகருக்குள்ளேயே காணலாம்.

ஒரே நகரில் நான்கு விடைகள்

கோட்டாற்றிலிருந்து தொடங்குவோம். 1544இல் திருவிதாங்கூர்க் கடலோரத்தில் பணியாற்றிய பிரான்சிஸ் சவேரியாரின் பெயரைத் தாங்கிய பேராலயம் அங்குள்ளது. கத்தோலிக்கத் திருச்சபையின் நிலைப்பாட்டை 1547இல் திரெந்துப் பொதுச்சங்கம் வரையறுத்தது. அதன்படி, சாவான பாவம் செய்தவர் தாம் பெற்ற அருள்நிலையை இழக்கிறார். ஒப்புரவு அருட்சாதனத்தின் வழியே அதை மீண்டும் அடையலாம். தனிச்சிறப்பான இறைவெளிப்பாடு இருந்தாலன்றி, இறுதிவரை நிலைத்திருப்போம் என்று எவரும் ஐயமற உறுதி கொள்ள இயலாது. அருளை இழந்தவரிடத்திலும் விசுவாசம் எஞ்சியிருக்கக்கூடும் என்றும் அச்சங்கம் கூறிற்று. பெரும்பாவியை 'ஃபாஸிக்கான முஃமின்' என்று கூறும் அஹ்லுஸ் ஸுன்னத்தின் வகைப்பாட்டை இது ஓரளவு நினைவூட்டுகிறது. எனினும், அந்நிலையிலேயே இறந்தவரின் முடிவில் இரு கொள்கைகளும் பிரிந்துவிடுகின்றன. அவர்களிடம் அது நிரந்தர இழப்பு. நம்மிடமோ அவர் அல்லாஹ்வின் நாட்டத்தில் விடப்பட்டவர். தண்டிக்கப்பட்டாலும் நரகில் நிரந்தரமாகத் தங்குபவரல்லர்.

அடுத்தது இலண்டன் மிஷன் வழிவந்த சபைகள். 1806இல் மயிலாடிக்கு வந்த ரிங்கல்தௌபே தொடங்கிய பணியை 1818 முதல் நாகர்கோவிலை மையமாகக் கொண்டு சார்லஸ் மீட் விரிவாக்கினார். அச்சபைகள் இன்று தென்னிந்தியத் திருச்சபையின் கன்னியாகுமரிப் பேராயத்தில் அடங்குகின்றன. இலண்டன் மிஷன் பல பிரிவினரும் சேர்ந்து நிறுவியதாயினும், அதன் முதுகெலும்பாய் விளங்கிய ஆங்கிலேயக் காங்கிரிகேஷனல் மரபு கால்வினின் சிந்தனையில் வேரூன்றியது. 1618, 1619ஆம் ஆண்டுகளில் ஹாலந்து நாட்டின் தோர்ட் நகரில் கூடிய சங்கம் அச்சிந்தனையை வரையறுத்தது. தேவனால் முன்குறிக்கப்பட்டு உண்மையாகவே மறுபிறப்படைந்தவர் இடறலாம், நெடுங்காலம் பின்வாங்கியும் கிடக்கலாம். ஆனால் இறுதியாக அழிந்துபோகமாட்டார். இதனைப் 'பரிசுத்தவான்களின் நிலைத்திருத்தல்' என்பர்.

இதற்கு நேர் எதிரான நிலைப்பாடு இரட்சணிய சேனையுடையது. வில்லியம் பூத்தின் துணைவியார் கேதரின் பூத்தின் பெயர் தாங்கிய மருத்துவமனையால் அச்சேனையை நம் மாவட்டத்தார் அனைவரும் அறிவர். ஜான் வெஸ்லியின் வழிவந்த அதன் பதினொரு கோட்பாடுகளில் ஒன்பதாவது, இரட்சிப்பின் நிலையில் தொடர்ந்திருப்பது கீழ்ப்படிதலுள்ள விசுவாசத்தில் தொடர்வதைப் பொறுத்தது என்கிறது. விட்டால் விட்டதுதான். ஆனால் விட்டவர் மீண்டும் வந்து மண்டியிடலாம். மனந்திரும்புவோருக்கான இருக்கை அவர்களுடைய மன்றத்தில் எப்போதும் முன்னால் இடப்பட்டிருக்கும்.

நான்காவதாக, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க மிசௌரி லூத்தரன் மிஷன் வழியாக இங்கு வேரூன்றிய லூத்தரன் சபை. ஒருமுறை நீதிமானாக்கப்பட்டவர் பரிசுத்த ஆவியை இழக்க முடியாது என்போரை 1530ஆம் ஆண்டின் ஆக்ஸ்பர்க் அறிக்கை வெளிப்படையாகக் கண்டிக்கிறது. விசுவாசி விழக்கூடும் என்பதே அவர்கள் முடிபு. எனினும் தன் முயற்சியை நோக்காமல் வாக்குத்தத்தத்தை நோக்கி அமைதி கொள்ளுமாறு அவர்கள் போதிக்கின்றனர்.

ஆக, நமது மேடைப் பேச்சாளர் 'கிறிஸ்தவக் கொள்கை' என்று ஒருமையில் கூறும் கருத்தை இந்நால்வரில் மூவர் மறுக்கின்றனர். எஞ்சிய ஒருவரும், பாவத்திலேயே நிலைத்திருப்பவர் தாம் மறுபிறப்படையவில்லை என்பதையே வெளிப்படுத்துகிறார் என்று கூறுவாரேயன்றி, பாவத்துக்கு உரிமைச்சீட்டு வழங்கமாட்டார். கிருபை பெருகுவதற்காகப் பாவத்தில் நிலைத்திருக்கலாமா என்ற வினாவைப் பவுலே உரோமர் நிருபத்தின் ஆறாம் அதிகாரத்தில் எழுப்பிக் கடுமையாக மறுத்துள்ளார். பிற்காலத்தில் எளிய பிரசங்கங்களில், 'ஒருமுறை தீர்மானம் எடுத்துவிட்டால் எப்போதும் இரட்சிப்பு' என்று அக்கோட்பாடு சுருங்கிப்போனது உண்மை. ஒரு மதத்தை அதன் சுருக்கங்களைக் கொண்டு மதிப்பிடுவது முறையன்று. நம்மையும் அவ்வாறு மதிப்பிட்டால் நாம் வருந்துவோம்.

மோட்சப் பயணத்தில் விழுந்தவர்கள்

இவ்விவாதம் தமிழ்க் கிறிஸ்தவ உள்ளத்தில் இறங்கியது சங்கங்களின் தீர்மானங்கள் வழியாகவன்று. ஒரு கதை வழியாகவே. ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட நூல், சாமுவேல் பவுல் ஐயரின் மொழிபெயர்ப்பில் மோட்சப் பிரயாணமாகத் தமிழ் இல்லங்களில் வேதாகமத்துக்கு அடுத்தபடியாக வாசிக்கப்பட்டது. அதைத் தழுவி எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை 1894இல் இரட்சணிய யாத்திரிகம் என்னும் காப்பியத்தை வெளியிட்டார்.

பனியன் கால்வினின் வழியினர். உண்மை விசுவாசி அழிந்துபோகான் என்பது அவர் கொள்கை. ஆயின் அவர் கதையிலோ வழிநெடுகிலும் விழுந்தவர்களே நிறைந்திருக்கின்றனர். இம்முரண்பாட்டை அவர் எவ்வாறு கையாளுகிறார் என்பதிலேயே அந்நூலின் வலிமையும் நலிவும் தெரிகின்றன.

மூன்று காட்சிகளை எடுத்துக்கொள்வோம். மலையேறும் பயணி இடைவழிப் பந்தலில் உறங்கித் தன் சுருளைத் தவறவிடுகிறான். வாசலில் காட்ட வேண்டிய அச்சுருளைத் தேடி வந்த வழியே அழுதுகொண்டு திரும்பி நடந்து, அதைக் கண்டெடுக்கிறான். சிறுவிசுவாசம் என்னும் பெயருடைய மற்றொரு பயணியைக் கள்வர் மூவர் தாக்கிக் கைப்பணத்தைப் பறிக்கின்றனர். ஆனால் அவனது நகைகள் அவர்கள் கையில் சிக்குவதில்லை. எஞ்சிய வழியெல்லாம் அவன் பிச்சையெடுத்தே நடக்கிறான். எனினும் நகைகள் அவனிடமே இருக்கின்றன. பனியன் இவ்விரு காட்சிகளாலும் நுட்பமான ஒரு வேறுபாட்டை நிறுவுகிறார். விசுவாசி இழப்பது இரட்சிப்பையன்று, இரட்சிப்பைப் பற்றிய நிச்சயத்தை. பையிலுள்ள செலவுப்பணம் போகலாம், மூலதனம் போகாது.

மூன்றாவது காட்சி கதையின் இறுதியில் வருகிறது. அறியாமை என்னும் பெயருடையவன் ஆற்றைக் கடந்து விண்ணகரின் வாசல்வரை வந்து கதவைத் தட்டுகிறான். அவனிடம் சுருள் இல்லை. கைகால் கட்டப்பட்டு, மலைச்சரிவில் உள்ள வேறொரு வாயில் வழியே நரகுக்கு அனுப்பப்படுகிறான். கனவு அத்துடன் கலைகிறது. கதைநாயகன் வரவேற்கப்பட்ட மகிழ்ச்சியில் நூலை முடிக்காமல், வாசலிலிருந்து திருப்பப்பட்டவனைக் காட்டி முடித்தமைக்குப் பனியனின் துணிவைப் பாராட்டவேண்டும். ஆனால் கவனித்து வாசிப்பவர் அவர் ஒரு பாதுகாப்பும் செய்திருப்பதைக் காண்பார். அறியாமை தொடக்கத்திலேயே இடுக்கமான வாசல் வழியே நுழையாமல் குறுக்குச் சந்து வழியே வந்து சேர்ந்தவன். எனவே அவன் இரட்சிப்பை இழந்தவனல்லன். அதை ஒருபோதும் பெற்றிராதவன். கோட்பாடு காப்பாற்றப்பட்டுவிட்டது.

கோட்பாட்டால் எளிதில் காப்பாற்ற முடியாத ஒருவன் மட்டும் அக்கதையில் எஞ்சுகிறான். வியாக்கியானி வீட்டில் இரும்புக் கூண்டுக்குள் அமர்ந்து பெருமூச்செறியும் மனிதன் அவன். ஒரு காலத்தில் தன் பார்வையிலும் பிறர் பார்வையிலும் செழிப்பான விசுவாசியாகத் தோன்றியவன். இப்போது மனந்திரும்பவும் இயலாதவனாய் நம்பிக்கையற்றுக் கிடக்கிறான். அவன் உண்மையில் விசுவாசியாக இருந்தானா என்ற கேள்விக்குப் பனியன் விடையளிப்பதில்லை. பயணி அவனை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது மட்டுமே வியாக்கியானியின் அறிவுரை.

இக்காட்சிக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. இத்தாலியின் சித்தாதெல்லா நகர வழக்கறிஞர் பிரான்செஸ்கோ ஸ்பியேரா, புராட்டஸ்டண்டு கொள்கையை ஏற்றுப் பின்னர் விசாரணைக்கு அஞ்சி அதை வெளிப்படையாக மறுதலித்தார். தமக்கு மன்னிப்பில்லை என்று நம்பி, 1548இல் நம்பிக்கையற்ற நிலையிலேயே மாண்டார். அவர் கதை ஐரோப்பா முழுவதும் அச்சத்துடன் வாசிக்கப்பட்டது. அதை வாசித்தபோது தமக்கு நேர்ந்த வேதனையைப் பனியன் தம் தன்வரலாற்று நூலில் பதிந்துள்ளார். தாமும் அவ்வாறே தள்ளப்பட்டவரோ என்று ஆண்டுக்கணக்கில் நடுங்கியவர் அவர்.

இங்கேதான் நிலைத்திருத்தல் கோட்பாட்டின் நலிவு வெளிப்படுகிறது. 'உண்மை விசுவாசி விழமாட்டான். விழுந்தவன் உண்மை விசுவாசியல்லன்' என்பது மறுக்க முடியாத வாக்கியம். ஆனால் அது அச்சத்தை நீக்குவதில்லை. இடம் மாற்றி வைக்கிறது. 'நாளை நான் விழுவேனோ' என்ற கவலை போய், 'இன்று என்னிடமிருப்பது உண்மை விசுவாசந்தானா' என்ற கவலை வந்து அமர்கிறது. முன்னதற்கு நாளை வரையேனும் அவகாசம் உண்டு. பின்னதற்கு அதுவும் இல்லை.

குரங்குக் குட்டியும் பூனைக் குட்டியும்

கிருஷ்ணபிள்ளையிடம் வரும்போது களமே மாறிவிடுகிறது. 1827இல் பாளையங்கோட்டைக்கு அருகே கரையிருப்பில் வைணவ வேளாளர் குடியில் பிறந்து, கம்பனிலும் ஆழ்வார்களிலும் ஊறி, 1858இல் திருமுழுக்குப் பெற்றவர் அவர். சில ஆண்டுகள் திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் தமிழும் கற்பித்தார். அவர் சேர்ந்த ஆங்கிலிக்கன் சபையின் முப்பத்தொன்பது விதிகளில் பதினாறாவது, அருள் பெற்றவர் அதைவிட்டு விலகிப் பாவத்தில் விழவும், இறையருளால் மீண்டும் எழவும் கூடும் என்கிறது. அடுத்த விதியோ முன்குறித்தலைப் பேசுகிறது. இரு தரப்பாருக்கும் இடங்கொடுக்கும் சபை அது.

ஆனால் கிருஷ்ணபிள்ளைக்கு இவ்விவாதம் பாதிரிமார் வழியே முதன்முறையாக அறிமுகமாகியிருக்க இயலாது. தாயின் வயிற்றைத் தானே இறுகப் பற்றிக்கொள்ளும் குரங்குக் குட்டியைப்போல் ஆன்மா இறைவனைப் பற்றவேண்டும் என்பர் வடகலையார். தாய் தன் வாயால் கவ்விச் செல்லும் பூனைக் குட்டியைப்போல் ஆன்மா தன்னை ஒப்படைத்தால் போதும் என்பர் தென்கலையார். குரங்குக் குட்டி கைநழுவி விழக்கூடும். பூனைக் குட்டி விழாது. தோர்ட் நகரில் கூடியவர்களின் விவாதம் வேறு உருவகத்தில் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே தமிழ் மண்ணில் நிகழ்ந்துவிட்டது. நம்மாழ்வாரின் தாயார் ஊர் என்று வைணவ மரபு போற்றும் திருப்பதிசாரம் நாகர்கோவிலுக்கு அருகில்தான் உள்ளது.

இம்மரபின் பயனாகவே கிருஷ்ணபிள்ளை பனியனின் கதைக்குள் பனியனிடம் இல்லாத ஒன்றைக் கொண்டுவந்தார். ஐந்து பருவங்களாக விரியும் காப்பியத்தின் இடையே 'தேவாரம்' என்ற பெயரிலேயே இசைப்பாடல்களை அமைத்தார். பனியனின் பயணி தன் சுருளைச் சோதித்து நிச்சயம் தேடுகிறான். கிருஷ்ணபிள்ளையின் பாடல்களில் கேட்பதோ பக்தி மரபின் மன்றாட்டுக் குரல். சான்றைப் பரிசோதிப்பவன் தன்னைப் பார்க்கிறான். மன்றாடுபவன் தன்னைக் காப்பவனைப் பார்க்கிறான். இலக்கியமாக நோக்கினால் காப்பியத்தின் நெடிய வருணனைகள் சில இடங்களில் பயணத்தின் வேகத்தைத் தணித்துவிடுகின்றன. கம்பனின் நிழல் அடர்ந்து விழுந்து பயணி மறைந்துபோகும் இடங்களும் உண்டு. ஆயினும் விழுவேனோ என்ற அச்சத்துக்குத் தருக்கத்தால் அன்றி வேண்டுதலால் விடையிறுத்தது கிருஷ்ணபிள்ளையின் பெரும்பேறு. பீர்முஹம்மது அப்பாவின் தக்கலையில் ஞானப்புகழ்ச்சி ஓதக் கேட்டவர்களுக்கும், நம் புலவர்களின் முனாஜாத்துகளை அறிந்தவர்களுக்கும் அக்குரல் அந்நியமாகத் தோன்றாது.

நமது பாடத்தில் அதே கேள்வி

இதுவரை கூறியவற்றைப் பிறர் வீட்டுச் செய்தி என்று கருதுவோர் ஷரஹுல் அகாயிதை மீண்டும் திறந்து பார்க்க வேண்டும். உமர் நஸஃபீ (ரஹ்) (இறப்பு ஹிஜ்ரி 537) தம் அகீதா நூலில் எழுப்பும் இரு மஸ்அலாக்கள் இவ்விவாதத்தின் இரட்டைப் பிறவிகள் எனலாம்.

முதலாவது, நற்பேறு பெற்றவன் (ஸயீத்) துர்ப்பேறு பெற்றவனாக (ஷகீ) மாறக்கூடுமா? மாறக்கூடும் என்பது மாதுரீதியாக்களின் விடை. இன்று ஈமான் கொண்டிருப்பவன் உண்மையாகவே முஃமின். நாளை அவன் வழிதவறினால் உண்மையாகவே ஒன்றை இழக்கிறான். மாற்றம் அடியானின் நிலையில் நிகழ்கிறதேயன்றி அல்லாஹ்வின் பண்புகளில் அன்று. அஷ்அரீ மரபிலோ மரணத் தருவாயில் எந்நிலையில் சந்திக்கிறானோ அதுவே கணக்கு. இதனை 'முவாஃபாத்' என்பர். குஃப்ரில் மாண்டவன் இடைக்காலத்தில் எவ்வளவு தொழுதிருந்தாலும் அல்லாஹ்வின் அறிவில் என்றும் ஸயீதாக இருந்ததில்லை. இவற்றுள் முன்னது வெஸ்லிக்கும் லூத்தருக்கும் அண்மையில் நிற்கிறது. பின்னது கால்வினுக்கு அண்மையில் நிற்கிறது.

இரண்டாவது, 'நான் முஃமின், இன்ஷா அல்லாஹ்' என்று கூறலாமா? கூடாது, 'நான் உண்மையாகவே முஃமின்' என்றே கூறவேண்டும் என்கிறார் நஸஃபீ. ஹனஃபீகளின் நிலைப்பாடு இது. ஷாஃபியீ மத்ஹபினரும் முன்னோர் பலரும் இன்ஷா அல்லாஹ் சேர்ப்பதை ஏற்றனர். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அதற்கு நான்கு காரணங்களை இஹ்யாவில் எடுத்துரைக்கிறார். தற்புகழ்ச்சியைத் தவிர்த்தல், இறைநாமத்தை ஒழுக்கத்துடன் நினைத்தல், ஈமானின் முழுமையில் கொள்ளும் தயக்கம், முடிவு எவ்வாறாகுமோ என்ற அச்சம் என்பன அவை. இக்கூற்றில் ஈமானின் மூலத்தைப் பற்றிய ஐயம் இடம்பெறவில்லை என்பது கவனிக்கத்தக்கது. நஸஃபீயின் உரையாசிரியர் தஃப்தாஸானீ (ரஹ்) கருத்தளவில் இரு தரப்பாரிடையே மெய்யான முரண்பாடு இல்லை என்று இணக்கம் காண்கிறார். இன்றைய நிலையைக் குறித்துப் பேசுபவர் உறுதியாகப் பேசுகிறார். முடிவைக் குறித்துப் பேசுபவர் ஒப்படைத்துப் பேசுகிறார்.

இனிப் பனியனின் கடைசிக் காட்சிக்கு வருவோம். இப்னு மஸ்ஊத் (ரலி) அறிவிக்கும் ஸஹீஹான ஹதீஸ் ஒன்றில், சுவனவாசிகளின் செயல்களையே செய்துவந்த ஒருவன் சுவனத்துக்கு ஒரு முழ தூரமே எஞ்சியிருக்கையில் விதியேடு முந்திக்கொள்ள, நரகவாசிகளின் செயலைச் செய்து நரகில் நுழைகிறான் என்று வருகிறது. அதே ஹதீஸ் நரகுக்கு ஒரு முழ தூரத்தில் இருந்து திரும்பியவனையும் கூறுகிறது. ஸஹ்ல் இப்னு ஸஅத் (ரலி) வாயிலாக வரும் அறிவிப்பில், 'மக்களுக்குத் தோன்றும் வகையில்' என்ற சொற்கள் கூடுதலாக உள்ளன. அதாவது, அவன் செயல்கள் மக்களின் பார்வையிலேயே சுவனவாசியின் செயல்கள். உள்ளே வேறொன்று மறைந்திருந்தது. கூண்டு மனிதனைப் பற்றிய பனியனின் வருணனையுடன் இதனை ஒப்பிடும்போது முக்கியமான வேறுபாடு ஒன்று புலனாகிறது. ஹதீஸ் மக்களின் பார்வையை மட்டுமே குறிப்பிடுகிறது. பனியனோ 'தன் பார்வையிலும்' என்று சேர்க்கிறார். பிறரை ஏமாற்றிய நெஞ்சு தன்னை அறிந்திருக்கலாம். அதற்கு மீளும் வழியும் உண்டு. தன்னையே ஏமாற்றிக்கொண்ட நெஞ்சுக்கு எதைப் பற்றிக்கொள்வது என்றே தெரியாது. பனியனின் கதையில் நடுக்கம் தீராமைக்குக் காரணம் இதுவே.

நமது முன்னோரும் நடுங்கினர். நபித்தோழர் முப்பது பேரைச் சந்தித்ததாகக் கூறும் இப்னு அபீ முலைக்கா (ரஹ்), அவர்கள் ஒவ்வொருவரும் தம்மிடத்தில் நயவஞ்சகம் இருக்குமோ என்று அஞ்சினர் என்கிறார். ஆனால் அந்த அச்சம் அவர்களைக் கூண்டில் அடைக்கவில்லை, தொழுகைக்கு எழுப்பியது. அல்லாஹ்வின் அருளில் நிராசை கொள்வதும் அவனது பிடியிலிருந்து அச்சமற்றிருப்பதும் இரண்டுமே குஃப்ரு என்று நஸஃபீ ஒரே இடத்தில் சேர்த்துக் கூறுவது இதனால்தான். குர்ஆனின் 12:87, 7:99 ஆகிய வசனங்கள் அவ்விரு எல்லைக்கற்கள். ஸ்பியேரா முதல் எல்லையைக் கடந்தார். 'எனக்குச் சுவனம் உறுதி' என்று மார்தட்டுபவர், எம்மதத்தவராயினும், இரண்டாவதைக் கடக்கிறார்.

ஸ்பியேராவின் கதையை வாசிக்கையில் அம்மார் இப்னு யாஸிர் (ரலி) நினைவுக்கு வராமலிருக்க இயலாது. தாய் சுமையா (ரலி) கொல்லப்பட்ட பிறகு, வதை தாளாமல் எதிரிகள் விரும்பிய சொல்லைக் கூறிவிட்டு அழுதுகொண்டு வந்தார் அம்மார். உள்ளம் ஈமானில் அமைதியுற்றிருக்க நிர்ப்பந்திக்கப்பட்டவர் மீது குற்றமில்லை என்ற வசனம் (16:106) அவர் குறித்து இறங்கியதாக முஃபஸ்ஸிர்கள் கூறுகின்றனர். சுமையாவின் உறுதி உயர்ந்தது. அம்மாரின் சொல் மன்னிக்கப்பட்டது. ஒரே குடும்பத்துக்குள் இரண்டுக்கும் இடமிருந்தது. விழுந்தவனுக்கு வழியே இல்லை என்று ஸ்பியேராவை நம்பவைத்த அச்சத்துக்கு இவ்வசனத்தைவிடச் சிறந்த மருந்து வேறில்லை.

இவ்வேளையில் நம் மாவட்டத்துப் புனிதர் ஒருவரையும் நினைவுகூர்தல் பொருந்தும். 1712இல் நட்டாலத்தில் பிறந்து, 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்ற தேவசகாயம் பிள்ளை, நெடிய சிறைவாசத்துக்கும் வதைக்கும் பின் 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக்கு அருகே காற்றாடிமலையில் சுட்டுக்கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று வத்திக்கான் அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கியது. இடையே கழிந்தவை 270 ஆண்டுகள். ஒருவர் இறுதிவரை நிலைத்திருந்தார் என்று அறிவிக்க ஒரு திருச்சபை இத்தனை காலம் ஆய்வும் தயக்கமும் கொள்கிறது. அவருடைய கொள்கை நமக்கு உடன்பாடில்லை. ஆனால் பிறரது முடிவை அறிவிப்பதில் காட்டப்பட்ட அத்தயக்கம் கவனத்துக்குரியது.

வேறுபாடும் கடமையும்

ஒற்றுமைகளைக் கூறியதால் வேறுபாடு மறைந்துவிடாது. கிறிஸ்தவர் எத்தரப்பினராயினும் அவரது நிச்சயத்தின் அடித்தளம் இன்னொருவர் தமக்காகச் செலுத்திய ஈடு. ஒருவர் சுமையை மற்றவர் சுமக்கமாட்டார் என்பது நமது வேதத்தின் தெளிவான கூற்று (6:164). நமது நம்பிக்கையின் அடித்தளம் இடையில் எவருமில்லாத இறைக்கருணை. 'இரட்சிக்கப்பட்டுவிட்டீர்களா' என்ற கேள்வியின் இறந்தகாலம் அந்த ஈட்டிலிருந்து பிறக்கிறது. விலை செலுத்தி முடிந்துவிட்டது என்பதால் வினையும் முற்றுப்பெற்றுவிட்டது. நமது 'இன்ஷா அல்லாஹ்'வின் எதிர்காலமோ இறுதி மூச்சுவரை திறந்திருக்கும் தவ்பாவின் வாசலிலிருந்து பிறக்கிறது. இவ்விடத்தில் நின்று பேசினால் விவாதம் பொருளுடையதாகும். கால்வினை நஸஃபீயாக்கவும் வேண்டாம், கேலிப்பொருளாக்கவும் வேண்டாம்.

ஆனால் நாம் கவலைகொள்ள வேண்டிய இடம் அண்டை வீடன்று. முடிவு அல்லாஹ்வின் கையில் என்று பாடம் நடத்தும் நாம், மற்றவரின் முடிவை மிக எளிதாக எழுதிவிடுகிறோம். இயக்கங்களின் சண்டைகளில் ஒருவரையொருவர் ஈமானை விட்டு வெளியேற்றிய துண்டுப் பிரசுரங்கள் எத்தனை! ஒருவர் பின்னால் மற்றவர் தொழமாட்டோம் என்று பிரிந்த பள்ளிகள் எத்தனை! தக்கலையில் கவிஞர் ஹெச்.ஜி. ரசூல் 2007இல் தாம் எழுதிய ஒரு கட்டுரைக்காக ஜமாஅத்தால் ஊர்விலக்கம் செய்யப்பட்டதை வாசகர் அறிவர். அவருடைய கருத்துகள் பலவற்றில் இக்கட்டுரையாளனுக்கு உடன்பாடில்லை. அவற்றை எழுத்தில் மறுப்பதே அறிஞரின் கடமை. மறுப்புக்குப் பதிலாக விலக்கம் வந்தபோது, விலக்கப்பட்டவரிடம் தவ்பாவைப் பற்றிப் பேசும் தகுதியையும் நாம் சேர்த்தே இழந்தோம். 2017இல் அவர் மறைந்தார். ஒருவருக்கும் சுவனத்துக்கும் இடையே எத்தனை முழம் என்பதை அளக்கும் கோல் எந்த ஜமாஅத்திடமும் தரப்படவில்லை. பெரும்பாவம் செய்தவரை குஃப்ரில் தள்ளிய கவாரிஜ்களை மறுத்தே அஹ்லுஸ் ஸுன்னத்தின் அகீதா உருவாயிற்று என்பதை அதைக் கற்பிக்கும் நாமே மறப்பது எவ்வளவு பெரிய வேடிக்கை!

'உள்ளங்களைப் புரட்டுபவனே, என் உள்ளத்தை உன் மார்க்கத்தில் நிலைப்படுத்துவாயாக' என்ற கருத்தமைந்த துஆவை நபி (ஸல்) அவர்கள் மிகுதியாக ஓதிவந்ததாக உம்மு ஸலமா (ரலி) அறிவிக்கிறார்கள். பாவம் அறியாத தூதரே அவ்வாறு வேண்டினார்கள் எனில், நிலைத்திருத்தல் நமது சொத்தன்று, அன்றாடம் கேட்டுப் பெறவேண்டிய கொடை என்பது தெளிவு. தோர்ட் சங்கத்தின் வழிவந்தவரும் இரட்சணிய சேனையின் மன்றத்தில் மண்டியிடுபவரும் தத்தம் கோட்பாட்டை மேசைமேல் வைத்துவிட்டுத் தனியே செபிக்கையில் இதனையே கேட்கின்றனர். அடுத்த முறை நமது அண்டைவீட்டார் அக்கேள்வியைக் கேட்டால், மேடைப் பதிலை விடுத்து, 'முடிவு நன்றாக அமைய நீங்களும் வேண்டுங்கள், நாங்களும் வேண்டுகிறோம்' என்று கூறலாம். அதன் பிறகு ஈட்டைப் பற்றியும் தவ்ஹீதைப் பற்றியும் எவ்வளவு நேரம் வேண்டுமாயினும் பேசலாம். அப்போது அவர்கள் கேட்பார்கள்.

அல்லாஹ் நம் அனைவருக்கும் ஹுஸ்னுல் காத்திமாவை அருள்வானாக. வல்லாஹு அஃலம்.